ஆடி 18-க்குச் சென்னையில் கல்யாணத் துணி: தி.நகரா, வண்ணாரப்பேட்டையா? நடுவில் சாப்பாடு எங்கே?

குற்றாலச்சாரல் (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். தங்கைக்கு ஆவணியில் கல்யாணம். துணி எடுக்கத் தென்காசியிலிருந்து ஐந்து பேர் வருகிறோம்: அம்மா, அப்பா, சித்தி, தங்கை, நான். சனி காலை எழும்பூரில் இறங்குகிறோம், ஞாயிறு இரவு திரும்ப ரயில். ஆடியில் முகூர்த்தப் புடவை எடுக்கக் கூடாது என்று அம்மா நின்றார். கடைசியில் ஆடி 18 அன்று எடுத்தால் பெருகும் என்று பாட்டி சொன்னதால் இறங்கி வந்திருக்கிறார். அந்த 18 இந்த முறை ஞாயிற்றுக்கிழமை.

எடுக்க வேண்டியவை: முகூர்த்தப் பட்டு ஒன்று, வரவேற்புக்கு ஒன்று, சொந்தங்களுக்கு வைத்துக் கொடுக்க 22 புடவை, ரவிக்கைத் துணிகள், ஆண்களுக்குச் சட்டைத் துணி, மாப்பிள்ளைக்குப் பட்டு வேட்டி.

சிக்கல்கள்: அம்மாவுக்கு முழங்கால் வலி. அப்பாவுக்குச் சர்க்கரை, நேரத்துக்குச் சாப்பிட்டாக வேண்டும். சனிக்கிழமை வீட்டில் யாரும் அசைவம் தொடுவதில்லை, ஞாயிறு சித்திக்குப் பிரியாணி ஆசை. எங்கே ஆரம்பித்து எங்கே முடிப்பது?

மாம்பலம் மாமி

முப்பது வருஷமாக இந்தத் தெருவில் குடியிருக்கிறேன், அதனால் உரிமையோடு சொல்கிறேன். ஆடித் தள்ளுபடி, ஞாயிறு, பதினெட்டாம் பெருக்கு, மூன்றும் சேர்ந்த நாளில் ரங்கநாதன் தெருவுக்குள் முழங்கால் வலிக்காரரைக் கூட்டிக்கொண்டு போகாதே தம்பி. அங்கே நாம் நடக்க மாட்டோம், பின்னால் வருகிறவர்கள் நம்மைத் தள்ளிக்கொண்டு போய் விடுவார்கள்.

மின்சார ரயிலில் மாம்பலம் வந்து இறங்குங்கள். எழும்பூரிலிருந்து ஐந்து ரூபாய் டிக்கெட், சேத்துப்பட்டு, நுங்கம்பாக்கம், கோடம்பாக்கம் தாண்டினால் மாம்பலம். 2023-இல் திறந்த ஆகாய நடைபாதை ஸ்டேஷனிலிருந்து தி.நகர் பேருந்து நிலையம் வரை போகிறது. 570 மீட்டர் நீளம். லிஃப்ட் உண்டு. தெருவின் நெரிசலை மேலிருந்து வேடிக்கை பார்த்துக்கொண்டே போகலாம். அங்கிருந்து பனகல் பூங்காவுக்கு ஆட்டோ வைத்துக்கொள்ளுங்கள்.

பட்டுக்குப் பனகல் பூங்காவைச் சுற்றினாலே போதும். 1928-இலிருந்து இருக்கும் நல்லி அங்கேதான், ஆர்.எம்.கே.வி., போத்தீஸ், குமரன் எல்லாம் கூப்பிடு தூரம். ஆனால் மூன்று கடைக்கு மேல் ஏறாதீர்கள். நாலாவது கடையில் எல்லாப் புடவையும் அரக்காகத்தான் தெரியும்.

இன்னொன்று. கடைக்குள் எரியும் விளக்கு பொய் சொல்லும். பிடித்த புடவையை மடியோடு வாசல் பக்கம் எடுத்துப்போய் வெயிலில் ஒரு தடவை பாருங்கள். மயில்கழுத்து என்று எடுத்தது வீட்டில் வெறும் பச்சையாக நின்ற கதை எங்கள் வீட்டில் உண்டு. கேட்டால் தடுக்க மாட்டார்கள், கூடவே ஒரு பையனை அனுப்புவார்கள்.

கணக்குப்பிள்ளை

நான் வேறு மாதிரி கேட்கிறேன். ஐந்து பேருக்குப் போக வர ரயில், ஒரு ராத்திரி லாட்ஜ், இரண்டு நாள் சாப்பாடு, ஆட்டோ. இந்தப் பணத்தைப் பட்டிலேயே போட்டால் இன்னும் ஒரு படி நல்ல புடவை வருமே? ஆர்.எம்.கே.வி. பிறந்ததே 1924-இல் திருநெல்வேலியில்தான். அதன் சென்னைக் கிளைக்கு நெல்லைக்காரர்கள் ரயிலேறிப் போவதை என்ன சொல்வது!

குற்றாலச்சாரல்

அண்ணா, இதையேதான் அப்பாவும் சொன்னார். தங்கை ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள்: "ஒரு தடவைதான் கல்யாணம்." அதற்கு மேல் பேச முடியவில்லை.

வடசென்னைவாசி

பட்டைத் தி.நகரில் எடுங்கள், மறுக்கவில்லை. அந்த 22 புடவையை மட்டும் அங்கே எடுக்காதீர்கள். வைத்துக் கொடுக்கும் புடவைக்கு பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடுதான் சரி. வடசென்னையில் பாதிக் கல்யாணங்களுக்கு அங்கேதான் துணி. ஏ.சி. மாளிகை பளபளப்பு எல்லாக் கடையிலும் இருக்காது. ஆனால் இருபது முப்பது என்று மொத்தமாகக் கேட்டால் முகம் மலர்ந்து பேசுவார்கள், பேரமும் செல்லும். எழும்பூரில் மெட்ரோ ஏறி சென்ட்ரலில் மாறினால் உயர்நீதிமன்றம், மண்ணடி, அடுத்தது வண்ணாரப்பேட்டை. இறங்கி ஆட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

குற்றாலச்சாரல்

வண்ணாரப்பேட்டை என்றதும் அப்பா, "அது நம்ம திருநெல்வேலியில்தானே இருக்கு, அதுக்கு ஏன் மெட்ராஸ் போகணும்" என்கிறார். விளக்கிச் சொல்லவே அரை மணி நேரம் ஆனது.

கணக்குப்பிள்ளை

அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லவும்.

சுங்குடி

எம்.சி. ரோட்டில் எடுப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. வேறு ஊரில் எங்கள் அத்தைக்கு நடந்தது இது, ஆனால் எங்கே மொத்தமாக எடுத்தாலும் பொருந்தும். இருபது புடவையைக் கட்டாக வாங்கி வந்து வீட்டில் பிரித்தால் மூன்றில் ரவிக்கைத் துணியே இல்லை. இரண்டு, ஐந்தரை மீட்டர்கூட வரவில்லை, அளந்து பார்த்த பிறகுதான் தெரிந்தது. மடிப்பிலேயே சாயம் வெளுத்த கோடு ஓடியது இன்னொன்று. திங்கட்கிழமை மாற்றப் போனால் பில்லின் பின்பக்கத்தைக் காட்டினார்கள்: ஏழு நாளுக்குள், சனி ஞாயிறு தவிர, பணம் திரும்பத் தரப்படாது, தள்ளுபடித் துணி மாற்றப்படாது. எங்களுடையது தள்ளுபடித் துணி.

நீங்கள் தென்காசியிலிருந்து ஏழு நாளுக்குள் திரும்பி வரப் போவதில்லை. அதனால் அங்கேயே ஒவ்வொன்றையும் முழுக்கப் பிரிக்கச் சொல்லுங்கள். முகம் சுளித்தாலும் பரவாயில்லை. ஒருவர் முந்தானையைப் பிடிக்க, ஒருவர் உள்பக்கத்தைப் பிடிக்க, விளக்குக்கு எதிராகத் தூக்கிப் பார்த்தால் இழை விட்ட இடம் தெரியும். ரவிக்கை சேர்ந்திருக்கும் புடவை ஆறே கால் மீட்டர் போல வர வேண்டும்.

வடசென்னைவாசி

இது நியாயமான பேச்சு.

ரவிக்கைத் துணி, சட்டைத் துணிக்குப் பாரிமுனைப் பக்கம் கோடவுன் தெருவைச் சொல்ல மறந்துவிட்டேன். மொத்த வியாபாரத் தெரு. சில கடைகள் முழுச் சுருளாக மட்டும்தான் தரும், சில கடைகள் மீட்டர் கணக்கில் வெட்டித் தரும். வாசலிலேயே கேட்டுவிட்டு உள்ளே போங்கள். முக்கியமான விஷயம்: ஞாயிற்றுக்கிழமை அந்தத் தெரு ஷட்டர் போட்டுத் தூங்கும். அதனால் வடக்கை சனிக்கிழமையே முடிக்க வேண்டும், ஞாயிறு தி.நகர். உங்கள் அம்மா சொல்லும் ஆடி 18-க்கும் அது ஒத்து வருகிறது.

இட்லிப்பொடி

சாப்பாட்டைக் கடைசியில் சேர்ப்பது என்ன பழக்கம்? துணி எடுக்கப் போகும் நாளில் சாப்பாட்டை வைத்துத்தான் பாதையே போட வேண்டும். பசியோடு புடவை பார்த்தால் முதல் கடையிலேயே சண்டை வரும்.

சனிக்கிழமை சைவம் என்றால் சௌகார்பேட்டையைவிட நல்ல இடம் இல்லை. ராஜஸ்தான், குஜராத்திலிருந்து வந்து குடியேறிய வியாபாரிகளின் பேட்டை அது. மின்ட் தெரு முழுக்கச் சைவம். கோடவுன் தெருவிலிருந்து ஆட்டோவில் ஐந்து பத்து நிமிடம். காக்கடா ராம்பிரசாத்தில் சுடச்சுட ஜிலேபியும் ஆலு டிக்கியும். டிக்கி அங்கே தோசைக்கல்லில் மெல்ல மெல்ல முறுகும், அவசரப்படுத்தினால் சுவை போய்விடும். அப்பா ஜிலேபிப் பக்கம் திரும்பாமல் நீங்கள் குறுக்கே நின்றுகொள்ளுங்கள்.

அதே வட்டாரத்தில் முறுக்கு சாண்ட்விச் கிடைக்கும். இரண்டு சின்ன முறுக்குக்கு நடுவே தக்காளி, வெள்ளரி, சட்னி வைத்து ஒரே வாயில் போட வேண்டியது. தமிழ்நாட்டு முறுக்கும் வடக்கத்திச் சட்னியும் சேர்ந்து பிறந்த பிள்ளை. முதலில் சிரிப்பு வரும், மூன்றாவது துண்டில் அடுத்த தட்டு சொல்வீர்கள்.

சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் என்.எஸ்.சி. போஸ் ரோட்டில் சீனா பாய் டிபன் கடை. இட்லியும் ஊத்தப்பமும் மட்டும்தான். கல்லில் நெய் ஊற்றி, அதன் மேல் பொடி தூவி, இட்லியைப் புரட்டி எடுப்பார்கள். நின்றபடி சாப்பிட வேண்டும், அம்மாவுக்கு அதுதான் கஷ்டம். பொட்டலம் கட்டி ரூமுக்கு எடுத்துப் போய்விடுங்கள்.

மாம்பலம் மாமி

சர்க்கரைக்காரருக்கு நெய்யில் மிதக்கும் இட்லியா? எங்கள் பக்கம் வா தம்பி. ஜி.என். செட்டி ரோட்டில் முருகன் இட்லிக் கடை. இலை போட்டு இட்லி, நாலு விதச் சட்னி. உட்கார்ந்து சாப்பிடலாம். பாண்டி பஜாரில் கீதா கபே. பழைய மாதிரியே ஒரு காபி குடித்துவிட்டு நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்திருக்கலாம். 2019-இல் அந்தச் சாலையை அகல நடைபாதையாக மாற்றிய பிறகு வயசானவர்களுக்கு அது வரம். எங்கள் வீட்டு ஆண்கள் கடைக்குள் வருவதையே நிறுத்திவிட்டார்கள், பெஞ்சிலேயே இருந்துவிடுகிறார்கள்.

இட்லிப்பொடி

மாமி, இட்லியைப் பொறுத்தவரை நமக்குள் சமாதானம் வராது. விடுங்கள்.

சித்தியின் பிரியாணி ஆசைக்கு ஞாயிறு மத்தியானம் மவுண்ட் ரோடு புகாரி. 1951-இலிருந்து இருக்கும் கடை. ஆனால் தி.நகர் நெரிசலிலிருந்து வெளியே வந்து திரும்பப் போக வேண்டும் என்றால் யோசித்துக்கொள்ளுங்கள். துணி எல்லாம் முடித்துவிட்டு, எழும்பூருக்குத் திரும்பும் வழியில் போவதுதான் நல்லது.

நேரம் மிச்சமிருந்தால் சனி சாயங்காலம் பர்மா பஜார் பக்கம் அத்தோ. 1960-களில் பர்மாவிலிருந்து திரும்பி வந்த தமிழர்கள் கொண்டு வந்தது. அவர்களுக்காக 1969-இல் உருவானதுதான் பர்மா பஜார். ஆரஞ்சு நிற நூடுல்ஸ், முட்டைக்கோஸ், வறுத்த வெங்காயம், புளித்தண்ணீர் எல்லாம் கையாலேயே பிசைந்து கொடுப்பார்கள். கூட வாழைத்தண்டு சூப். முட்டை உண்டு, உங்களுக்குச் சனிக்கிழமை என்பதால் சொல்லி வைக்கிறேன்.

தறிவீட்டுப்பையன்

காஞ்சிபுரம். அப்பா, தாத்தா இருவரும் நெசவு. நான் தறியில் உட்காரவில்லை, ஆனால் தறிச் சத்தத்தில்தான் படித்தேன். பட்டைப் பற்றி இங்கே யாரும் உள்ளே போகவில்லை, அதனால் எழுதுகிறேன்.

எல்லோரும் சில்க் மார்க் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் திருப்தியாகி விடுகிறார்கள். அந்த அட்டை சொல்வது ஒன்றே ஒன்றுதான்: இழை அசல் பட்டு. ஜரிகை அசலா, கைத்தறியா, காஞ்சிபுரத்தில் நெய்ததா, எதையும் அது சொல்லாது. கைத்தறிக்குத் தனி முத்திரை. காஞ்சிபுரம் பட்டுக்கு 2005-06-இல் கிடைத்த புவிசார் குறியீடு தனி. கடைக்காரரிடம் மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். "எல்லாம் ஒண்ணுதாங்க" என்று பதில் வந்தால் எழுந்துவிடலாம்.

புடவையைத் திருப்பிப் போடுங்கள். உடலும் கரையும் வேறு வேறு நிறமாக இருந்தால் இரண்டும் சேரும் இடத்தை விரலால் தடவுங்கள். கோர்வைப் புடவை என்றால் அங்கே சின்னச் சின்னப் பல்வரிசை போல ஏறி இறங்கும். உடலுக்கு ஒரு நாடா (குறுக்கு இழையை ஓட்டும் கருவி), கரைக்கு வேறு நாடா, ஒவ்வொரு ஓட்டத்திலும் கையால் கோர்த்து வாங்குவதால் வருவது. எங்கள் வீட்டில் அப்பா தறியில் இருப்பார், அந்தப் பக்கக் கரை நாடாவைத் தள்ள நானோ அக்காவோ உட்காருவோம். பள்ளிக்கூடம் போகும் முன் ஒரு மணி நேரம். அந்த இணைப்பு துளியும் பிசிறில்லாமல் கோடு போட்ட மாதிரி இருந்தால்தான் எனக்குச் சந்தேகம் வரும்.

அடுத்தது முந்தானை. உடல் முடிந்து முந்தானை வேறு நிறத்தில் தொடங்கும் இடத்தில் பாவு இழைகளை, அதாவது நீளவாக்கில் ஓடும் இழைகளை, ஒவ்வொன்றாகச் சாம்பல் தொட்டு முறுக்கி இணைப்பார்கள். பிட்னி என்போம். பின்பக்கம் ஒரு தழும்பு போல, இரட்டை நிறமாகத் தெரியும். இதைக் குறை என்று நினைத்து வேண்டாம் என்று வைத்துவிட்டுப் போன வாடிக்கையாளர்களை நானே பார்த்திருக்கிறேன்.

ஜரிகை: முந்தானை ஓரத்தில் தொங்கும் ஜரிகை இழை ஒன்றை வாங்கி நகத்தால் உரித்துப் பாருங்கள். உள்ளே சிவப்புப் பட்டு நூல் வந்தால் அசலாக இருக்க வாய்ப்பு அதிகம். வெள்ளையாக நைலான் மாதிரி வந்தால் அசல் இல்லை. வெள்ளி ஜரிகைப் புடவை கையில் கனக்கும். அசல் இல்லாத ஜரிகை பாவம் ஒன்றும் இல்லை, வரவேற்புக்கு எடுக்கும் புடவைக்கு அது போதும். அசல் விலை கொடுத்து வாங்குவதுதான் பாவம்.

பட்டு இழையைக் கொளுத்தினால் முடி பொசுங்கும் வாடை வரும், சாம்பல் விரலில் பொடியும். பாலியெஸ்டர் உருகி மணியாக உறையும். கடைக்குள் தீப்பெட்டி எடுக்காதீர்கள், பிசிறு ஒன்றை வாங்கிக்கொண்டு வெளியே போய்ப் பாருங்கள்.

நேரம் இருந்தால் காஞ்சிபுரமே வாருங்கள், சுமார் 75 கிலோமீட்டர். கூட்டுறவுச் சங்கக் கடைகளுக்குப் போங்கள். பேருந்து நிலையத்திலேயே கையைப் பிடித்து, நெசவாளர் வீட்டிலிருந்து நேரடியாகத் தருகிறேன் என்பவர்கள் பின்னால் மட்டும் போக வேண்டாம்.

சுங்குடி

இந்தப் பதிவை அச்செடுத்து வைத்துக்கொள்கிறேன். இருபது வருஷமாகப் பிட்னியைக் குறை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மாம்பலம் மாமி

நானும்தான். ஒரு தடவை அதைக் காட்டி விலை குறைக்கச் சொல்லியும் கேட்டிருக்கிறேன். அந்தப் பையன் ஒன்றும் பேசாமல் சிரித்தது இப்போதுதான் புரிகிறது.

கணக்குப்பிள்ளை

எழும்பூரில்தானே இறங்குகிறார்கள்? அங்கே பாந்தியன் சாலையிலேயே கோ-ஆப்டெக்ஸ் இருக்கிறதே. 1935-இல் தொடங்கிய நெசவாளர் கூட்டுறவு. அதே சாலையில் வரிசையாகப் பருத்தித் துணிக் கடைகள், காட்டன் ஸ்ட்ரீட் என்றே பெயர். 22 சொந்தத்தில் பாதிப் பேருக்குக் கைத்தறிப் பருத்தி கொடுத்தால் அவர்கள் உண்மையிலேயே கட்டுவார்கள். வழவழப்புப் புடவை அடுத்த வீட்டுக் கல்யாணத்துக்கு அப்படியே கைமாறும். நம் வீட்டுக்கே ஒன்று திரும்பி வந்திருக்கிறது.

குற்றாலச்சாரல்

சிரித்து முடியவில்லை. எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன். போய் வந்து எழுதுகிறேன்.

குற்றாலச்சாரல் (ஒன்பது நாள் கழித்து)

வந்து சேர்ந்தோம். திட்டம் போட்டது ஒன்று, நடந்தது பாதி.

சனிக்கிழமை காலை லாட்ஜில் குளித்துவிட்டு முதலில் பாந்தியன் சாலை. சும்மா பார்த்துவிட்டுப் போகலாம் என்றுதான் நுழைந்தோம். அம்மா கோ-ஆப்டெக்ஸில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார், பதினோரு புடவை எடுத்த பிறகுதான் எழுந்தார். கணக்குப்பிள்ளை அண்ணா சொன்னதையேதான் அவரும் சொன்னார், "கட்டுற புடவையாக் கொடுக்கணும்." மீதிப் பதினொன்று எம்.சி. ரோட்டில். சுங்குடி அக்கா சொன்னபடி ஒவ்வொன்றையும் பிரித்தோம். கடைப் பையன் முதலில் முறைத்தான், ஐந்தாவது புடவையில் அவனே கிழிசல் ஒன்றைக் கண்டுபிடித்து மாற்றிக் கொடுத்தான். அதற்குப் பிறகு எங்களோடு சேர்ந்து தேட ஆரம்பித்துவிட்டான்.

கோடவுன் தெருவில் ரவிக்கைத் துணி, சட்டைத் துணி எல்லாம் ஒரே கடையில் முடிந்தது. அங்கே நடக்க இடமே இல்லை, கைவண்டிக்கு ஒதுங்கி ஒதுங்கித்தான் போனோம். அம்மாவையும் அப்பாவையும் கடை வாசலில் உட்காரவைத்துவிட்டோம்.

மின்ட் தெருவில் ஆலு டிக்கி வரும் வரை பொறுத்திருந்த அப்பா, நான் காசு கொடுக்கத் திரும்பிய நேரத்தில் ஜிலேபி ஒன்றை முடித்துவிட்டார். குறுக்கே நிற்கச் சொன்னீர்கள், நின்றேன், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது தப்பு. நெய்ப்பொடி இட்லி பொட்டலமாக ரூமுக்கு வந்தது. சித்தி இன்னும் அதைப் பற்றித்தான் பேசுகிறார், பிரியாணியைப் பற்றி அல்ல.

ஞாயிறு கடை திறக்கும்போதே பனகல் பூங்காவில் நின்றோம். பன்னிரண்டு மணிக்கு எமகண்டம் தொடங்குவதற்குள் பில் போட வேண்டும் என்று அம்மா கெடு. முதல் கடையில் கூட்டம் நெருக்கித் தள்ளியது. இரண்டாவது கடையில் தங்கைக்கு ஒரு அரக்கு, பச்சைக் கரை பிடித்தது. நான் திருப்பிப் போட்டுக் கோர்வையைத் தடவிப் பார்த்து, பிட்னி எங்கே என்று கேட்டேன். விற்பனையாளர் ஒரு நொடி என்னைப் பார்த்தார். "தறி வீடுங்களா?" என்றார். "இல்லை, தென்காசி" என்றேன். பிறகு அவரே வேறு ஒரு பெட்டியைத் திறந்து நாலு புடவை எடுத்துப் போட்டார். அதில் மூன்றாவதை வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் பார்த்தோம். பதினொன்று ஐம்பதுக்குப் பில். அம்மா கண்ணில் தண்ணீர், கூட்டத்தால் என்று சொல்லிக்கொண்டார்.

ஆகாய நடைபாதையில் திரும்பும்போது அம்மா பாதி வழியில் நின்று கீழே ரங்கநாதன் தெருவைப் பார்த்துவிட்டு, "அந்த மாமி யாருன்னு தெரியல, நல்லா இருக்கணும்" என்றார். தெரிவித்துவிட்டேன்.

மாம்பலம் மாமி

கல்யாணத்துக்கு அப்புறம் படம் போடு. புடவையை, முகத்தை அல்ல.

தறிவீட்டுப்பையன்

"தறி வீடுங்களா?" என்று கேட்டார்களா! இன்றைக்கே அப்பாவிடம் சொல்கிறேன்.

சுங்குடி

எல்லாம் சரி, முதல் பதிவில் மாப்பிள்ளைக்குப் பட்டு வேட்டி என்று எழுதியிருந்தீர்களே? அது எங்கே எடுத்தீர்கள்?

குற்றாலச்சாரல்

ஐயோ.

கணக்குப்பிள்ளை

திருநெல்வேலிக்குப் பஸ் எத்தனை மணிக்கு என்று நான் பார்த்துச் சொல்லட்டுமா தம்பி?